தறித் தூசி... வீட்டுக் குப்பை... காசாக்குவது எதை? கைகழுவுவது எதை?

பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் பகல் நேரத்தில் நடந்து பாருங்கள். கோயில் மணி காதில் விழுகிறதோ இல்லையோ, 'தடக்... தடக்...' என்று விசைத்தறிச் சத்தம் நிச்சயம் விழும். ஒரு பக்கம் திருத்தணி முருகன் மலை, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை. நடுவில் நூலை நம்பியே வாழும் ஊர். வீடும் தறியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. முன்கட்டில் தறி, பின்கட்டில் சமையல், நடுவில் குழந்தைக்குத் தூளி!

இப்படிப்பட்ட வீட்டில் 'வேலை பார்க்கும் இடத்துக் கேடு' என்றும், 'வீட்டுக் குப்பை' என்றும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது. தறியில் கிளம்பும் தூசி சோற்றுப் பானை வரை வருகிறது. சாயக் கேன் கழுவப்பட்டுக் குடிதண்ணீர்க் குடமாகிறது. அறுந்த நூலும் பிளாஸ்டிக் கவரும் வெந்நீர் அடுப்புக்குப் போகின்றன.

"நம்ம வீட்ல தறி கிடையாதே சார், எங்களுக்கு எதுக்கு இது?" என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஆபீஸ் போகிறவர், கடை வைத்திருப்பவர், வீட்டைக் கவனிக்கும் இல்லத்தரசி என்று எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

திங்கட்கிழமை வரும் நோய்

"லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். திங்கக்கிழமை தறியில நின்னா மட்டும் நெஞ்சைப் பிடிச்சு இறுக்குற மாதிரி இருக்கு. புதன், வியாழன் ஆனா கொஞ்சம் பரவாயில்ல..."

நூல் தொழில் செய்யும் ஊரில் வைத்தியம் பார்க்கிறவர் இந்தப் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால் இது சாதாரணச் சளி அல்ல. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இது. 'பிசினோசிஸ்' என்பார்கள். வார விடுமுறை முடிந்து மறுபடி தூசியில் நிற்கும் முதல் நாளில்தான் தொந்தரவு அதிகம் என்பதால், 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு.

ஆரம்பத்தில் திங்கட்கிழமை மட்டும். பிறகு வாரத்தின் மற்ற நாட்களிலும். கடைசியில் தறியை விட்டு விலகி வீட்டில் உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கும். அந்த நிலைக்குப் போனால் திரும்பி வருவது கஷ்டம். முதல் படியிலேயே பிடித்துவிட்டால் நுரையீரலைக் காப்பாற்றலாம்.

காரணம் பஞ்சு மட்டும் அல்ல. பருத்திக் காயோடு ஒட்டி வரும் இலைத் தூள், அதில் வளரும் நுண்கிருமிகள், அந்தக் கிருமிகளின் நஞ்சு எல்லாம் சேர்ந்துதான் மூச்சுக் குழாயைச் சுருக்குகின்றன. பஞ்சை அடிக்கும் இடத்திலும் நூற்பாலையிலும் இந்தத் தூசி மிக அதிகம். தறியில் அதைவிடக் குறைவுதான். ஆனால் காற்றடித்தால் இழை அறுந்துபோகும் என்று ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்து நெய்கிறோமே... அங்கேதான் வம்பு! குறைந்த தூசியும் மூடிய அறையில் கூடிப்போகிறது. இதோடு பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சணல், நார்த் தூசியால் தொழிலாளிகளுக்கு இருமலும் இரைப்பும் வருவதை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி எழுதி வைத்தார். தொழில் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700-ல் வெளியானது. நோயாளியிடம் 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பஞ்சு நோயும் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1978-ல் பருத்தித் தூசிக்கு உச்ச அளவு நிர்ணயித்தார்கள். அதன் பிறகு அங்கே இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆக, இது தலைவிதி அல்ல. தூசியைக் குறைத்தால் நோய் குறையும். அவ்வளவுதான் கணக்கு!

என்ன செய்யலாம்?

* தறிக்கூடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கீழே படுத்திருக்கும் தூசியைத் தட்டி எழுப்பி மூக்குக்குள் அனுப்பும் வேலை அது. ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள்.

* கம்ப்ரசர் காற்றை அடித்துத் தறியைச் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உடம்பு மேல் ஒட்டிய பஞ்சைக் காற்றால் ஊதிக்கொள்வது அதைவிட ஆபத்து.

* ஒரு பக்கச் சுவரில், தரையை ஒட்டிய உயரத்தில், காற்றை வெளியேற்றும் மின்விசிறி வையுங்கள். இழைக்கு நேராகக் காற்று வீசாது, தூசி மட்டும் வெளியே போகும்.

* மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் பெரிய பஞ்சு நிற்கும். நுண்ணிய தூசி உள்ளே போகும். கொரோனா காலத்தில் வாங்கிய 'என்-95' முகக்கவசம் நினைவிருக்கிறதா? சுத்தம் செய்யும் நேரத்திலாவது அதைப் போடுங்கள்.

* வேலை முடிந்து கை கால் கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

"வெல்லம் சாப்பிட்டா தூசி எல்லாம் வயித்தோட போயிடும்" என்று தூசியில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சிலர் வாழைப்பழம், சிலர் பால். தொண்டையில் ஒட்டிய தூசி இறங்கலாம். நுரையீரலுக்குள் போன தூசி வேறு பாதை. வெல்லம் அந்தப் பக்கமே போவதில்லை!

சித்த மருத்துவத்தில் ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி என்று சளிக்கும் இருமலுக்கும் நல்ல மூலிகைகள் இருக்கின்றன. தூதுவளைத் துவையல் வாரம் இரண்டு நாள் சாப்பிடலாம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: தூசியைக் குறைக்காமல் மருந்து மட்டும் சாப்பிடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் 'எல்லாம் பஞ்சு இருமல்தான்' என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். காசநோயா என்று அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசமாகவே செய்கிறார்கள். போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம்... நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுப்பது. ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்ட்காரரும் வாய் வைப்பார். எச்சில் வழியே நோய், நூலோடு சாயம், பஞ்சு எல்லாம் உள்ளே போகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதை 1911-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரு சின்னக் கம்பிக் கொக்கி போதும். அதன் விலை ஒரு டீயை விடக் குறைவு!

வீட்டில் டி.வி. சத்தம் கூடுகிறதா?

"எங்க வீட்டுக்காரர் டி.வி.யை அலற விடுறார் டாக்டர். குறைச்சா சண்டைக்கு வர்றார்!"

அம்மா, அவர் மேல் கோபப்படாதீர்கள். அவருடைய காதைப் பரிசோதியுங்கள்.

சத்தத்தை 'டெசிபல்' என்ற அளவில் சொல்வார்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து 85-க்கு மேல் கேட்டால் காதுக்கு ஆபத்து என்பது பொதுவான எச்சரிக்கை. நாடா ஓடும் விசைத்தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் அது 90-ஐத் தாண்டிவிடும். கருவி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கை நீள தூரத்தில் நிற்பவரிடம் பேச நீங்கள் கத்த வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் காதைக் கெடுக்கும் சத்தம்.

உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு. அதற்குள் மெல்லிய மயிரிழை போன்ற உணர்வு அணுக்கள். ஓயாத சத்தம் அவற்றைச் சாய்த்துவிடுகிறது. நெற்பயிர் சாய்ந்தால் அடுத்த போகம் உண்டு. இந்த அணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் கேட்காது. அப்புறம் பேச்சில் 'ச', 'ப', 'த' எல்லாம் குழம்பும். 'பேசுறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல' என்பார்கள். இரவில் காதுக்குள் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் வேறு.

காதுக்குள் எண்ணெய் ஊற்றினால் சரியாகுமா? ஆகாது. சத்தத்தால் போன காதை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. காதில் சீழ் வடியும்போதோ, சவ்வில் ஓட்டை இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றினால் இருப்பதும் கெடும்.

பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய பலன் இல்லை. மெத்தென்ற நுரையால் செய்த காதடைப்பான் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. விரலால் உருட்டிச் சின்னதாக்கிக் காதுக்குள் வைத்தால், தானே விரிந்து அடைத்துக்கொள்ளும். "அதை வெச்சா இழை அறுந்தது தெரியாதே, தறிச் சத்தம் மாறுறதை வெச்சுத்தானே கண்டுபிடிக்கிறோம்" என்று நெசவாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அறுந்த இழையோடு ஓடினால் துணி பாழ், கூலி பாழ்! காதடைப்பான் சத்தத்தை முழுசாக மறைப்பதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. ஒரு வாரம் பழகினால் தறியின் மாறுபட்ட சத்தம் அதற்குள்ளும் பிடிபடும்.

தறியின் காலடியில் ரப்பர்த் தகடு போடுவது, தளர்ந்த மரைகளை முடுக்குவது, தேய்ந்த தோலை மாற்றுவது, நேரத்துக்கு எண்ணெய் விடுவது... இவை தறிக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. குழந்தையின் தூளியை மட்டும் தறியறைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். 'அது பழகிடுச்சு, நல்லா தூங்குது' என்பார்கள். தூங்குகிற குழந்தையின் காது தூங்குவதில்லை!

சாயம் கையோடு போவதில்லை

நூலுக்குச் சாயம் ஏற்றும் இடங்களில் காஸ்டிக் சோடா தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஹைட்ரோஸ் தூளில் ஈரம் பட்டால் சூடாகித் தானே தீப்பிடிக்கும். டப்பாவை இறுக மூடி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், கண்ணாடி மூன்றும் அவசியம். கையில் ஏறிய சாயத்தைப் போக்க பிளீச்சிங் பவுடரைத் தேய்க்கிறார்களே... தயவுசெய்து வேண்டாம். தோலின் காப்புக் கவசமே அதனால் போகிறது. பிறகு எந்தச் சாயமும் சுலபமாக உள்ளே இறங்கும். எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிறம் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்!

சாயத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை 1895-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் கண்டு சொன்னார். 'பென்சிடின்' போன்ற பொருளை உண்டாக்கும் சாயங்களே முக்கியக் குற்றவாளிகள் என்று பின்னால் தெரிந்தது. 1994-ல் ஜெர்மனி அப்படிப்பட்ட அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. இந்தியாவும் 1990-களில் இந்த வகைச் சாயங்களைத் தடை செய்தது. ஆகவே லேபிள் இல்லாத, ஊர் பேர் தெரியாத மலிவுச் சாயத்தை வாங்காதீர்கள். சாயத் தொழிலில் இருந்தவருக்கு, வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை போனாலும், 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே பரிசோதனை தேவை.

சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் நம் ஆரோக்கியம்தான். திருப்பூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நொய்யலின் குறுக்கே விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகு அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். உப்பைக்கூட மீட்டெடுக்கிறார்கள். முன்பே செய்திருந்தால் ஒரு நதி பிழைத்திருக்கும்!

நம் பக்கத்து ஓடைகளின் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றுக்குப் போகிறது. அது பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீர் சென்னையில் குழாயில் வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் உங்கள் மகனும் மகளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

மறுபயன்... மறுபடி விஷம்!

'எதையும் வீணாக்காதே' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். நல்ல பாடம். ஆனால் எதைத் திரும்பப் பயன்படுத்துவது என்பதில் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

சாயமோ ரசாயனமோ வந்த நீல டிரம்மைக் கழுவிக் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதேபோல ஆசிட், பினாயில், மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஓடி வரும் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

வெந்நீர் அடுப்பில் பால் கவர், பிளாஸ்டிக் பை, பாலியஸ்டர் நூல், ஒயர் போட்டு எரிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'சீக்கிரம் பத்திக்கும்' என்பார்கள். பிளாஸ்டிக் எரியும் புகையில் நச்சு வாயுக்கள். பி.வி.சி. ஒயரை எரித்தால் 'டயாக்சின்' என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். அந்தப் புகையைச் சுவாசிப்பது பக்கத்தில் குனிந்து ஊதும் தாய்தான்.

பஜ்ஜி, போண்டாவைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பதும் மறுபயன் அல்ல. அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குப் போகிறது. உணவைச் செய்தித்தாளில் பொதிவதைத் தடை செய்து 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியே போட்டது. வாழையிலை இருக்கும் நாட்டில் நமக்கு எதற்கு அச்சு மை?

நான்கு கூடை போதும்

2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னன. சட்டம் சொல்வது இருக்கட்டும், நம் வசதிக்கே நான்கு கூடை வைத்துப் பாருங்கள்.

*முதல் கூடை:* காய்கறித் தோல், சாதம், பூ, இலை. இது மண்ணுக்கு. பழைய மண்தொட்டியிலோ பக்கெட்டிலோ பக்கவாட்டில் துளை போட்டு, ஒரு அடுக்கு காய்ந்த இலை அல்லது தேங்காய் நார், ஒரு அடுக்கு சமையல் கழிவு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு எரு தயார். அந்த எருவில் தூதுவளை, துளசி, கற்பூரவல்லி வைத்தால் வீட்டு வாசலிலேயே ஒரு சின்ன மருந்துக் கடை!

*இரண்டாம் கூடை:* காகிதம், அட்டை, பாட்டில், பால் கவர், இரும்பு. கழுவிக் காய வைத்துப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுங்கள். தறி வீட்டில் நூல் கழிவைப் பருத்தி தனி, பாலியஸ்டர் தனி என்று பிரித்தால் பருத்திக் கழிவுக்குக் காசு உண்டு. மெக்கானிக் கடைகளில் எண்ணெய் துடைக்க வாங்குவார்கள்.

*மூன்றாம் கூடை:* நாப்கின், குழந்தை டயாப்பர், காயம் துடைத்த பஞ்சு. காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புக் கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேருங்கள். குப்பையில் கை விட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ரத்தத்தில் தொற்றும் நோய் வரும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

*நான்காம் கூடை:* டியூப் லைட், பேட்டரி, பழைய மருந்து, பூச்சி மருந்து டப்பா. இது தனி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கூடைக்கு வராத குப்பையும் உண்டு. கொல்லையில் கிடக்கும் தேங்காய் ஓடு, டயர், உடைந்த பக்கெட்! மழைத் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்தில் டெங்கு கொசு பறக்கும். வாரம் ஒரு நாள் கவிழ்த்துவிடுங்கள். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த அதே பைதான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள என்ன வெட்கம்?

கொடைக்கானல் சொல்லும் பாடம்

தொழிற்சாலையின் விஷம் எப்படிப் பழைய பொருள் கடை வழியாக ஊருக்குள் வரும் என்பதற்கு நம் கொடைக்கானலே சாட்சி. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதைப் பொதுமக்களும் தொழிலாளர்களும் கண்டுபிடித்தார்கள். 7.4 டன்! தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்களுக்கு நிவாரணம் கிடைத்தபோது 2016 ஆகிவிட்டது. 591 பேருக்காக நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. பதினைந்து வருஷப் போராட்டம்!

பாதரசத்தைப் பற்றிச் சித்த மருத்துவனான நான் பேசாமல் யார் பேசுவது? 'ரசம்' என்று எங்கள் நூல்கள் அதைச் சொல்கின்றன. முறையான சுத்தி செய்யாத ரசம் நஞ்சு என்றும் அதே நூல்கள்தான் சொல்கின்றன. பச்சைப் பாதரசம் மருந்தல்ல. விளையாட்டுச் சாமானும் அல்ல. வெப்பமானி உடைந்ததும் உருண்டு ஓடும் வெள்ளி மணிகளைக் குழந்தைகள் கையில் வைத்து விளையாட விடாதீர்கள். சாதாரணச் சூட்டிலேயே அது ஆவியாகும். அந்த ஆவி மூச்சு வழியாகப் போய் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதே காரணத்தால்தான், லேபிள் இல்லாத பொட்டலத்தில் யாரோ கொடுக்கும் பற்பம், செந்தூரத்தை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்கிறேன். பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தந்து, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்ததாக இருக்க வேண்டும்.

டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். துடைப்பம் வேண்டாம். கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் மூடுங்கள். அடுத்து வாங்கும்போது எல்.இ.டி. விளக்கு, டிஜிட்டல் வெப்பமானி என்று மாறிவிடுங்கள். இரண்டிலும் பாதரசம் கிடையாது.

இன்வெர்ட்டர் பேட்டரி பழசானால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். தெருவில் உடைத்து ஈயம் உருக்குகிறவரிடம் கொடுத்தால், அந்தப் புகை அக்கம் பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே குழந்தைகளுக்குக் கிடையாது.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை

"இதெல்லாம் செலவு சார். மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற தொழில்ல எங்க போறது?" என்று தறி உரிமையாளர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நெசவாளி மாதம் நாலு நாள் மூச்சு முட்டிப் படுத்தால் தறி நிற்கிறது. நாடா எகிறிக் கண்ணில் பட்டால் வைத்தியச் செலவு எவ்வளவு? நாடா எகிறாமல் தடுக்கும் கம்பியும், மோட்டார் பெல்ட்டுக்கு மேல் ஒரு தகர மூடியும் ஆயிரங்களில் முடியும் செலவு. பெல்ட்டில் முந்தானையோ துப்பட்டாவோ மாட்டினால் அது உயிர் போகும் விஷயம்.

தறியில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை. இரண்டு, காதுப் பரிசோதனை. முடிந்தால் மூச்சுப் பரிசோதனையைத் திங்கட்கிழமை வேலைக்கு முன்னும், வேலை முடிந்த பின்னும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் மருத்துவருக்கு நோய் சீக்கிரம் பிடிபடும். எந்த வைத்தியரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "நான் தறியில வேலை செய்றேன், இத்தனை வருஷமா" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பாதி நோய் அதிலேயே புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த வாரம் வெந்நீர் அடுப்பில் பிளாஸ்டிக் போடுவதை நிறுத்துங்கள். அடுத்த வாரம் நீல டிரம்மை மாற்றுங்கள். அதற்கடுத்த வாரம் ஈரத்துணியும் காதடைப்பானும். நாலாவது வாரம் நான்கு கூடை. ஒரு மாதத்தில் வீட்டுக் காற்றும் மாறும், பழைய பேப்பர்காரர் கொடுக்கும் காசும் கூடும். அந்தக் காசில் பிள்ளைகளுக்கு நாலு பழம் வாங்கிக் கொடுங்கள்!